நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

இன்று காலை மகன் தன் கைபேசியில் உங்கள் படத்தைக் காட்டினான். "ஜெர்மனியில ஒரு ரைட்டர் இறந்துட்டாங்களாம்மா. கொஞ்ச நாள் தோஹாவுல இருந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?" தெரிந்தவர்தான் என்றேன். செய்தியை வாசிக்கச் சொன்னேன். உங்கள் முதல் நான்கு நாவல்களுக்கும் சேர்த்து மூன்றே வரிகள். மீதி முழுவதும் ஐந்தாவதைப் பற்றியது. ஒரு தொழிலாளியின் சாவைப் பொய்யால் அழகுபடுத்தியவர் நீங்கள் என்று.

அந்த நாவலுக்காக நீங்கள் இங்கே வந்தபோது என் கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தமிழ்த் தொழிலாளர்களிடம் பேச உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். என் கான்வென்ட் ஆங்கிலத்தை யாரோ பரிந்துரைத்தார்கள். முதல் நாளே உங்கள் ஆங்கிலத்தில் ஒரு பிழையைத் திருத்தினேன். என் பதிப்பாசிரியர்கூட இவ்வளவு கண்டிப்பில்லை என்று சிரித்தீர்கள். நஜ்மா கடைத்தெருவில் கரக் டீ குடித்தபடி உங்கள் கதையைச் சொன்னீர்கள். சுரங்க ஊரில் பிறந்ததையும், குழந்தை தூங்கும் நேரத்தில் சமையலறை மேசையில் முதல் நாவலை எழுதியதையும், அதை யாரும் வாங்காததையும் ஒரு புகாரும் இல்லாமல் சொன்னீர்கள். எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குப் போனோம். ஒலிப்பதிவு என்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால் கருவியைப் பையிலேயே வைத்துவிட்டீர்கள். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, சைட்டில் வெயிலுக்குப் பலியான தன் நண்பரைப் பற்றிப் பேசினார். கம்பெனியின் பெயரையும் சொன்னார்.

"சுருண்டு கெடந்தான்மா. நடிக்கிறான்னாரு ஃபோர்மேன். சேஃப்டி ஆபீசர் வந்தாரு, நம்ம தமிழ் ஆளுதான். காரை விட்டு எறங்கவே இல்ல. கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டுப் போயிட்டாரு."

அந்தக் கம்பெனியில் அந்தப் பதவியில் இருந்த ஒரே தமிழர் என் கணவர். நான் யார் மனைவி என்று அந்த ராமநாதபுரத்துக்காரருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பேனாவோடு என் முகத்தைப் பார்த்தீர்கள். அதிகாரி ஓடிவந்து அந்த நண்பரைத் தூக்கித் தன் காரில் ஏற்றினார், வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். உங்கள் கண்கள் கலங்கின. அதைப் பார்த்த ராமநாதபுரத்துக்காரர், தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி உங்களைக் கும்பிட்டார்.

அதையே முழு அத்தியாயமாக எழுதினீர்கள். பரிசும் வந்தது. பிறகு உங்கள் நாட்டு நிருபர் ஒருவர் அதே அறைத் தோழர்களைத் தேடிப் பிடித்து உண்மையை எழுதினார். அன்று நீங்கள் என்னிடம் கேட்டு எழுதினீர்கள்: "அவர் சொன்னது அதுதானா? உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை." நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: "கேட்டதைத்தான் சொன்னேன்."

நீங்கள் அதற்குமேல் கேட்கவில்லை. வேறு நாவலும் எழுதவில்லை.

என் மகன் இன்றும் தன் தகப்பனாரைப் போல நேர்மையாக இருக்கவேண்டும் என்று தன் பிள்ளைகளிடம் சொல்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பதிப்பகத்துக்கு ஓர் ஆங்கிலக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அவர் சொன்னது, நான் சொன்னது, காரில் இருந்தவர் எனக்கு யார் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. பல வருடங்களாக என் கைப்பையில் கிடக்கிறது. மடிப்பில் கிழியும்போதெல்லாம் புதுத் தாளில் பிரதி எடுக்கிறேன். இன்று மதியமும் எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.