பூவாத்தாள் திருப்பிக் கேட்டது

மோகனூர்,
5-7-1938

அன்புள்ள அப்பாவுக்கு மகள் அந்தோணிமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

என் பாலர் வகுப்பில் பூவாத்தாள் என்று நான்கு வயதுக் குழந்தை, தினமும் அழுதுகொண்டே வருவாள். நேற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பள்ளிக்கூடம் பிடிக்கலையா, சாமி?" என்று கேட்டேன்.

"புடிக்கலீங்க. உங்களுக்குப் புடிச்சிருக்குங்களா?" என்றாள்.

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைகளிடம் இதையெல்லாம் ஏன் கேட்கிறாய் என்று தலைமை ஆசிரியைக்குக் கோபம். ஆசிரியப் பயிற்சியில் கேட்கத்தான் சொன்னார்கள். கேட்டது தப்பா, பதில் சொல்லாதது தப்பா, ஒன்றும் புரியவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதினேன்.

சேலத்திலிருந்து யாராவது வந்தால் என் பழைய தலையணையைக் கொடுத்தனுப்புங்கள். இங்குள்ளதில் தூக்கம் வருவதில்லை.

தபால்காரர் காத்திருக்கிறார். இந்த வேலைக்கு அனுப்புமுன், 'போகிறாயா' என்று என்னைக் கேட்டீர்களா, அப்பா? எனக்கு நினைவில்லை. உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள்.

அந்தோணிமேரி