பிரேக் போடுங்க

மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். பேசினால் என் குரல் உயருகிறது, எழுதினால் உயராது என்று உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி. எழுதுகிறேன். சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதே.

வீடு அப்படியே இருக்கிறது. உன் குடை கொக்கியில். வாண்டுவின் செருப்பில் ஒன்று கட்டிலடியில் கிடக்கிறது. இன்னொன்று உன்னோடு வந்துவிட்டதா?

அன்று நடந்ததை விபத்து என்றுகூடச் சொல்ல முடியாது. பிரேக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிக்கப் வண்டிக்கு ஏறக்குறைய உன் வயது. இதற்காகவா ஒருத்தி மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவாள்?

சரிவு முழுக்க "பிரேக் போடுங்க, பிரேக் போடுங்க" என்று நீ கத்தியது இன்னும் காதிலேயே இருக்கிறது. போடுகிறேன். பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க் பிரேக். போதுமா?

உன் கணவன்

*

மார்ச் 9

வாண்டுவின் அப்பாவுக்கு,

நலம். வாண்டுவும் நலம். நெற்றி வீக்கம் வற்றிவிட்டது.

செருப்பு இங்கே இல்லை. வண்டியில் பாருங்கள். குடை அங்கேயே இருக்கட்டும்.

பிரேக் மாற்றுவது நல்லதுதான். மேஜை நாற்காலி அலமாரி என்று பாரம் ஏற்றும் வண்டி. எனக்காக என்று மாற்ற வேண்டாம்.

"அப்படி என்னதாம்மா சண்டை?" என்று அண்ணி கேட்டார்கள். நீங்கள் கொண்டுபோய் இறக்கிய அலமாரியில் கீறல் இருக்கிறது என்று அந்த வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "இவ்வளவுதானா!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாண்டுவின் அம்மா

*

மார்ச் 21

அன்புள்ள டீச்சருக்கு,

வண்டி பட்டறையில் நிற்கிறது. நம் மெக்கானிக் நட்டு, டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு என்ன கேட்டான் தெரியுமா? "பிரேக் லைனர் நல்லாத்தானேண்ணே இருக்கு? இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும். பிடிக்கலைன்னு யார் சொன்னது?"

"வீட்ல சொல்றாங்கடா."

"அப்ப மாத்திட வேண்டியதுதான். வீட்டுக்கு மேல மெக்கானிக் உண்டா?"

பார், நன்றாக இருக்கிற பிரேக்கை உனக்காகக் கழற்றிப் போட்டிருக்கிறேன். வேறு எந்தப் புருஷன் செய்வான்?

சும்மா இல்லை இந்த வேலை. டிஸ்க்கை மாட்டினால் பழைய சக்கரத்தின் உள்பக்கம் உரசுகிறது. சக்கரத்தையும் மாற்றியாயிற்று. கடைசியில் பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்றை எடுக்க, பெடலில் ஓர் ஆள் வேண்டும். முன்பெல்லாம் நீதான். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "மிதி, பிடிச்சுக்கோ, இப்ப விடு" என்பேன். "விடலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று மேலேயிருந்து கேட்பாய்.

இந்த முறை நட்டுவின் தம்பி மிதித்தான். எதுவும் கேட்கவில்லை.

செருப்பு வண்டியில்தான் இருந்தது. உன் சீட்டுக்கு அடியில்.

உன் கணவன்

*

ஏப்ரல் 2

டீச்சருக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை.

அதே சரிவில் ஓட்டிப் பார்த்தேன். நுனிக்கால் பட்டால் போதும், சொன்ன இடத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டு பேரும் கிளம்பித் தயாராக இருங்கள். உன் அண்ணன் வாசலில் காவல் நிற்க வேண்டாம் என்று சொல்லிவை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இதற்கு மேலும் வரமாட்டேன் என்றால், கோளாறு வண்டியில் இல்லை.

உன் கணவன்

*

ஏப்ரல் 6

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

ஒன்றே ஒன்றைத் திருத்துகிறேன். சிவப்பு மை இல்லை, நீலம்தான்.

"பிரேக் போடுங்க" என்று அன்று நான் கத்தியது புதுப் பிரேக் மாட்டச் சொல்லி அல்ல. மிதிக்கச் சொல்லி. வண்டியை நிறுத்துங்கள், நாங்கள் இறங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி. அது உங்களுக்கும் தெரியும். "ஊரான் வீட்ல கீறல் கண்டுபிடிச்ச வாயா இப்படிக் கெஞ்சுது? இன்னும் சத்தமாக் கெஞ்சு" என்றீர்கள்.

நான் உங்கள் காலைப் பார்த்தேன். அந்தப் பெடலை எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை மிதித்திருக்கிறேன். உங்கள் கால் அதன் பக்கமே போகவில்லை.

வளைவில் லாரி வந்தது. அப்போது போனது கால். வண்டி டயர் தேய அங்கேயே நின்றது. வாண்டு முன்னால் போய் இடித்துக்கொண்டாள்.

பழைய பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. நட்டுவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை வாண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை.

"அப்பா வண்டிக்குப் புது பிரேக் போட்டாச்சாம். கூப்பிடறார். போலாமா?"

யோசித்தாள். "நீ சொன்னா நிறுத்துவாராம்மா?"

"புது பிரேக்டி. தொட்டாலே பிடிக்குமாம்."

"நான் அதைக் கேக்கல."

செருப்பை அனுப்ப வேண்டாம். வேறு வாங்கியாயிற்று. குடையை மட்டும் அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார்.

வாண்டுவின் அம்மா