மூட்டைக்குப் பதில் ஆட்கள்

பதுளை,
1920 ஆகஸ்ட் 10, செவ்வாய்க்கிழமை.

கண்ணியமிக்க என் மச்சான் அப்துல் அஸீஸ் அவர்களுக்கு, உங்கள் மனைவி ஸித்தி ஸுபைதா எழுதும் ஸலாம். கொழும்பில் நீங்கள் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இதற்கு அடுத்த வரியில் இங்கு யாவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை.

எப்போதும் நான் சொல்லச் சொல்லக் கடைக் கணக்கப்பிள்ளைதான் எழுதுவார். நான் காரமாகச் சொன்னால் அவர் சர்க்கரை தடவி எழுதுவார். அதனால் இதை நானே அரபுத்தமிழில், அரபு எழுத்தில் தமிழை வைத்து எழுதுகிறேன். அவருக்கு இந்த எழுத்துத் தெரியாது. ஓதப் போன காலத்தில் படித்தது, அதற்குப் பிறகு தொடவில்லை. பிழை இருந்தால் எழுத்தில்தான் இருக்கும், செய்தியில் இருக்காது.

நீங்கள் வாங்கி அனுப்பிய புது பஸ் போன புதன்கிழமை பண்டாரவளையில் ரயிலிலிருந்து இறங்கியது. பார்க்க அழகுதான். பச்சை வர்ணம், பித்தளை விளக்கு, பதினெட்டுப் பேர் உட்காரப் பலகைகள். எல்லாம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்று கொழும்புக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த கடுதாசியும் கூடவே வந்தது. உங்கள் தம்பி தாஸிம் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் பஸ்ஸைப் பார்த்துவிட்டு அந்தக் கடுதாசியையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு அதை ஓட்டி வந்தது டிரைவர் முத்தையா. வந்து இறங்கியதும் அவர் உங்கள் தம்பியிடம் சொன்னதை ஜன்னலுக்கு உள்ளே நின்று என் காதால் கேட்டேன். “ஐயா, கால் பிரேக்கு ஒரு தடவ புடிக்குது, ஒரு தடவ வழுக்குது. ஆள் இல்லாமயே இப்புடின்னா பாரம் ஏத்துனா என்னாகும்? ரெண்டு நாள் குடுங்க, அடியில பூந்து எல்லாத்தையும் பாத்துடுறேன்” என்றார். தம்பி சிரித்தார். “புதுச் சாமான்ல என்ன கோளாறு? நிக்காஹ் முடிஞ்ச பொறகு பொண்ணுட பல்லை எண்ணுற ஆளா நீ?” என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் உள்ளே இருந்து சிரித்தேன்.

பஸ் ஓட்ட அனுமதி கொடுக்கும் துரை வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறார். பஸ் நிறையப் பாரம் ஏற்றி, இறக்கத்தில் பிரேக் பிடித்து நிறுத்திக் காட்ட வேண்டுமாம். அது நியாயமான சட்டம்தான். அதற்கு முன்னால் நாமே ஒரு தடவை செய்து பார்ப்போம் என்று தம்பி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். அதுவும் நியாயம்தான். அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு நியாயமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதினெட்டுப் பேர் கடை வாசலுக்கு நடந்து வந்தார்கள். கங்காணி கூட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் எல்லாரும் பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையை எடுத்து உடுத்தி, தலையில் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வந்தார்கள். புது மோட்டாரில் முதல் முதலாக உங்களைத்தான் ஏற்றப்போகிறோம், கூலி வேண்டாம், சும்மா ஏற்றிக்கொண்டு போய் இறக்கி விடுவோம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். அதையும் அவர்களே வாங்கி வந்திருந்தார்கள், மச்சான்.

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் மச்சானுக்கு இப்படி ஒரு மனசா, பெரிய மனிதர்களை எல்லாம் விட்டுவிட்டு தோட்டத்து லயத்து ஆட்களை முதலில் ஏற்றச் சொல்லியிருக்கிறாரே என்று பெருமைப்பட்டேன். ரொட்டி சுட்டு, தேத்தண்ணீர் ஊற்றி, வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பினேன். அவர்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள்.

தெமோதரை மேட்டுக்கு ஏறும் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி இறங்கும்போது முத்தையா பிரேக்கை மிதித்திருக்கிறார். கால் வெறுமனே பலகை வரைக்கும் போய்விட்டது. கைப் பிரேக்கை இழுத்திருக்கிறார், அது அவ்வளவு பாரத்துக்குத் தாங்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண் மேடு. அந்த மனிதன் பதறாமல் மேட்டுப் பக்கம் திருப்பி முட்டவிட்டார். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இன்றைக்குப் பதினெட்டு வீட்டில் ஒப்பாரி. பலருக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். இராக்கம்மா என்று ஒரு பெண், கொழுந்து எடுக்கிறவள், மேட்டுப் பக்க ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பலகை உடைந்து அவள் வலது கை நசுங்கிவிட்டது.

பிறகு முத்தையா அடியில் பூந்து பார்த்தார். பிரேக் கம்பியைச் சேர்த்து வைக்கும் ஆணி கழன்று கிடந்தது. அந்த ஆணி கழலாமல் இருக்க அதன் ஓட்டையில் ஒரு சின்னக் கம்பி முள் செருகி வளைத்து விட வேண்டுமாம். அந்த முள் இல்லவே இல்லை. கம்பெனியில் மறந்தார்களோ, வரும் வழியில் விழுந்ததோ, படைத்த ரப்புக்குத்தான் தெரியும். அரை நாள் கொடுத்திருந்தால் முத்தையாவுக்கும் தெரிந்திருக்கும்.

நேற்று பக்கத்து வீட்டு நளீராவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, திரை கட்டிய மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களைக் கேட்காமல் போனேன். ஊர் என்ன பேசும் என்று தம்பி தடுத்தார். பேசட்டும். தேயிலை வடிகானில் வழுக்கி விழுந்து கை நசுங்கியது என்று கங்காணி டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தார். அப்படிச் சொல்லச் சொன்னது உங்கள் தம்பி. நடந்தது என்ன என்று நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். வலது கையில் இரண்டு விரல் இல்லாதவள் எந்த மலையில் கொழுந்து கிள்ளுவாள்? யார் அவளுக்குப் பேர் போட்டு நாள் கூலி கொடுப்பார்கள்?

இராக்கம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். “அம்மா, நாங்க எறக்கத்தப் பாத்துட்டுக் கூச்சல் போட்டோம். அதுலதான் டிரைவரு பயந்துட்டாருங்களா? புது வண்டியக் கெடுத்துப்புட்டமே” என்று கேட்டாள். தவறு தன்னுடையது என்று நினைக்கிறாள், மச்சான்! கூச்சலால் வண்டி கெடவில்லை என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. நளீராதான் அவளுக்கு ஏதோ ஆறுதல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சண்டை பிடித்தேன். கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பாரம்தானே வேண்டும், நம் கிட்டங்கியில் அரிசி மூட்டை அடுக்கி இருக்கிறதே, அதை ஏற்றினால் என்ன என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார்: “மூட்டைய ஏத்துறதுக்கு ஆள் வேணும், எறக்குறதுக்கு ஆள் வேணும் மதினி. ஆளுகள் எண்டா அவங்களே ஏறுவாங்க, அவங்களே எறங்குவாங்க.” சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. பன்னிரண்டு மூட்டை, மூட்டைக்கு ஒன்றரை ஆள், ஆகப் பதினெட்டு ஆள் என்று அவர் எழுதி வைத்திருந்த துண்டையும் பார்த்தேன்.

இதுவரைக்கும் தம்பியைச் சொன்னேன். இனி உங்களைச் சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட உங்களுக்கு வராது.

நான் விடாமல் பேசியதும் தம்பி மேசையைத் திறந்து உங்கள் கடிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். “எனக்கு ஏசாதீங்க, நானாட காயிதத்தை வாசிங்க” என்றார். வாசித்தேன். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இந்தப் பஞ்சத்தில் அரிசி மூட்டையை மலை ரோட்டுக்குக் கொண்டுபோய் ஆபத்தில் வைக்காதே, தோட்டத்து ஆட்களை ஏற்றிப் பார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆபத்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். தெமோதரை இறக்கம் ஆபத்து என்று கொழும்பில் இருந்துகொண்டே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அரிசிக்கு ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. அந்த அரிசியைத் தின்கிறவர்களுக்கு இல்லையா? அரிசி வருவது குறைந்துவிட்டது, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் காலம், எல்லாம் எனக்கும் தெரியும். நானும்தான் ரொட்டி தின்கிறேன். ஆனால் அரிசி சிதறினால் குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம். தொழுகையில் முன்வரிசையில் நிற்கிற மனுஷன் இதை எப்படி எழுதினீர்கள்? எழுதிவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கியதா?

இன்னும் கேளுங்கள். மாடு கட்டி இழுத்து வந்த பஸ் நம் முற்றத்தில் நிற்கிறது. வளைந்த தகட்டைத் தட்டி, உடைந்த பலகையை மாற்றி, வர்ணம் பூசுகிறார்கள். ஆணிக்கு ஒரு முள் போட்டாயிற்று, இனி என்ன என்கிறார் தம்பி. ஒரு முள் இல்லாத வண்டியில் வேறு என்னவெல்லாம் இல்லையோ என்று முத்தையா கேட்கிறார். அவர் பேச்சு எடுபடவில்லை. துரை வருவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஓட்டிப் பார்க்கப் போகிறார்களாம். ஹாலிஎல ஆட்கள் இனி ஏற மாட்டார்கள். அதனால் நமுனுகுலப் பக்கத்து ஒரு தோட்டத்துக் கங்காணிக்குத் தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே இந்தச் செய்தி இன்னும் போகவில்லை. அவர்களும் நல்ல சேலை உடுத்தி, தேங்காய் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

அது நடக்காது. பஸ்ஸின் முகத்தில் செருகிச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி இருக்கிறதல்லவா, அது இல்லாமல் வண்டி உயிர் பிடிக்காது. இன்றைக்குத் தம்பி அஸர் தொழப் போன நேரத்தில் அதை எடுத்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. முத்தையா எடுத்தார் என்று யாரும் அந்த ஏழை மேல் பழி போட வேண்டாம். தம்பி வேறு ஒரு கைப்பிடி அடித்துத் தரச் சொல்லிக் கொல்லனிடம் ஆள் அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை கிடைத்துவிடுமாம். அதனால்தான் இந்த அவசரம்.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உங்கள் கைக்கு வரும். நீங்கள் வாங்குவதற்காக அங்கே காத்திருக்கும் இரண்டாவது பஸ் எங்கும் ஓடிப் போகாது. அன்றைக்கே ரயில் ஏறுங்கள். வந்து முத்தையாவுக்கு அவர் கேட்கிற நாளைக் கொடுங்கள். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பார்க்கட்டும். பார்த்த பிறகு பன்னிரண்டு மூட்டை அரிசியை ஏற்றி, எத்தனை தடவை வேண்டுமானாலும் இறக்கத்தில் விடுங்கள். அதற்கு முன்னால் ஒரு மனுஷரும் அதில் ஏறக் கூடாது. துரை வரும் நாள் தள்ளிப் போனால் போகட்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் பஸ் ஓடாவிட்டால் பதுளை ஜனங்கள் நடந்து போவார்கள், நேற்று வரைக்கும் அப்படித்தான் போனார்கள். பிறகு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கூச்சல் போட்டதால் வண்டி கெடவில்லை என்று இராக்கம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்பவில்லை.

நீங்கள் வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் நான் போய் முன் பலகையில் உட்காருவேன். முக்காடு போட்டுக்கொண்டு, கடைத்தெரு முழுக்கப் பார்க்க உட்காருவேன். இறக்க உங்கள் தம்பியால் முடியாது. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. நீங்கள் வந்ததும், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நேரில் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக வைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவச்சி வந்து பார்த்து, சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டாள். ஏழு வருஷம் நீங்கள் எந்தப் பள்ளிவாசலில் எல்லாம் நேர்ந்துகொண்டீர்களோ, அந்த துஆ கபூலாகியிருக்கிறது. இதை இப்படி ஒரு கடிதத்தில் எழுத வைத்துவிட்டீர்கள், அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பாரம் கணக்குப் பார்க்கும்போது என்னை ஒரு ஆள் என்று எழுத வேண்டாம் என்று தம்பிக்குத் தந்தி அடித்துவிடுங்கள். இரண்டு என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்களே வந்துவிடுங்கள், மச்சான்.

ரஹ்மானாகிய அல்லாஹ் உங்களைக் கைகால் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஸித்தி ஸுபைதா