முதல் வரியில் கீர்த்தி

திருமுக்கூடல்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தினகரனுக்கு,

சசிரேகா எழுதுவது. இங்கே மாமா, அத்தை, நான் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் எங்களைப் போலத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெரியவர்கள் எதிரில் உன்னை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அது வேண்டாம். மரியாதை கொடுத்துக்கொண்டே கோபப்பட எனக்குத் தெரியாது. காலேஜில் பேசிய மாதிரியே எழுதுகிறேன். மோகன்குமார் அண்ணன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு 'ம்' போட்டுவிட்டுப் போய்விடுவாய். காகிதத்துக்கு 'ம்' போட முடியாது பார்.

நம் குழந்தை கீர்த்தி போன பிறகு நீயாக எங்களை ஒன்றும் கேட்டதில்லை. போன வாரம்தான் முதல்முறையாக வாட்ஸப்பில் கேட்டாய். அப்பா ஏன் சாப்பிடுவதில்லை, ஆப்பில் அவர் கட்டம் தினமும் காலியாக இருக்கிறதே என்று. அதற்குப் பதில்தான் இது. சாப்பிடுகிறார், பயப்படாதே. சர்க்கரை மாத்திரையும் போடுகிறார். ஏன் காலி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கழனியில் நடவு முடிந்தது. அத்தைக்கு முழங்கால் வலி அதிகம், தைலம் தேய்த்துவிடுகிறேன். கொசுவுக்குப் புகை அடிக்கப் பஞ்சாயத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். அத்தை வாசலிலேயே நிறுத்தி, 'இப்ப வந்து இன்னாத்துக்கு? போன வருசம் வந்திருக்கணும்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வந்தவன் பாவம், சின்னப் பையன். நான் பின்னால் போய்ச் சமாதானம் சொன்னேன்.

இனி அந்த ஆப் விஷயம். நீ அங்கே போன புதிதில் கீர்த்தி, அவளுடைய நைனா நீ சாப்பிட்டாயா என்று தெரியாமல் சாப்பிட வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்காகத்தான் லீவில் வந்தபோது அதைச் செய்தாய். உன் பழைய போனை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டினோம். ஆளுக்கு ஒரு கட்டம். சாப்பிட்டதும் அவரவர் கட்டத்தை அழுத்திப் பிடித்து இரண்டு வார்த்தை பேசினால் உனக்கு வரும், அன்றைக்குப் பேசாதவர் கட்டம் உனக்குக் காலியாகத் தெரியும். லேசாகத் தொட்டால் கடைசியாகப் பேசியது திரும்பக் கேட்கும். நீயும் அங்கிருந்து பேசுவாய்.

மடியில் உட்கார்ந்துகொண்டு, நீ என்ன எழுதுகிறாய் என்று கேட்டு அவள் உயிரை வாங்கினாள். எனம் என்கிற பெயர்ப் பட்டியல், எனம்மேப் என்கிற இட ஒதுக்கீடு என்று நிரல் சமாசாரமெல்லாம் ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வாய் என்று நான் வேடிக்கை பார்த்தேன். நீ பந்தி என்றாய். சாதாரண மேப் என்றால் யார் வேண்டுமானாலும் வந்து எங்கே வேண்டுமானாலும் உட்காருவார்கள். எனம்மேப் அப்படி இல்லை, இன்னார் இன்னார்தான் என்று முதலிலேயே பெயர் எழுதி, ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கி இலை போட்டாயிற்று. யார் முந்தி வந்தாலும் வரிசை மாறாது. சாப்பாடு விழாவிட்டாலும் இலை இருக்கும். இதைக் கேட்டதும் அவள், 'அப்போ என் பேர மொதல்ல எய்து நைனா, தாத்தாவுக்கு முன்னாடி' என்றாள். கீர்த்தி, மாமா, அத்தை, நான், நீ. அப்படித்தான் வரிசை வந்தது. பிறகு என் கம்ப்யூட்டர் வகுப்பில் நானும் பந்தி வைத்துத்தான் எனம்மேப் சொல்லிக்கொடுத்தேன். இந்த வருஷம் அந்தப் பாடத்தை இன்னொரு மேடத்திடம் தள்ளிவிட்டேன்.

அவள் போன பிறகு அந்த மேல் கட்டத்தை நாங்கள் யாரும் தொட்டதில்லை. தொட்டால் என்ன கேட்கும் என்று தெரியும். அத்தை போனைத் துடைக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுத் துடைப்பார்.

புரட்டாசியில் ஒரு நாள் ஆப் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மேலே கீர்த்தி இல்லை. ஆப்பின் நிரலைத் திறந்து பார்த்தேன். எனம் பட்டியலில் முதல் பெயரை அழித்திருந்தாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏன் அழித்தாய் என்று தெரியாமல் இல்லை. காய்ச்சல் வந்த நாட்களிலும் அவள் கட்டம் காலியாகத்தான் இருந்தது. அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து, சாப்பிடாத கழுதைக்குப் பொம்மை கிடையாது என்று மிரட்டிப் பேசி அனுப்பினாய். தினமும் போனைத் திறந்தால் முதலில் அந்தக் காலிக் கட்டம்தான் உன் கண்ணில் பட்டிருக்கும். ஒன்று சொல்கிறேன், கேள். நீ மிரட்டியதைக் கேட்டு அவள் சிரித்தாள் தினா. படுத்தபடியே சிரித்தாள். 'நைனாக்குக் கோவமே வரல, சும்மா கோவம் மாதிரி பேசிக்கினு கீது' என்றாள். இதை உன்னிடம் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் விமானம் ஏறிவிட்டாய்.

நீ செய்து வைத்த குளறுபடிக்கு வருகிறேன். பேசியதையெல்லாம் பெயரோடு சேமிக்காமல் வரிசை எண்ணோடு சேமித்திருக்கிறாய். என் மாணவர்கள் இப்படிச் செய்தால் திட்டுவேன். வரிசையிலிருந்து ஓர் ஆள் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். உன்னிடம் எப்படிக் கேட்பது? வீட்டில் ஆள் குறையும் என்று நினைத்துக்கொண்டா ஒரு தகப்பன் நிரல் எழுதுவான்? முதல் பெயரை எடுத்ததும் எல்லாருடைய பெயரும் ஓர் இடம் மேலே நகர்ந்துவிட்டது. குரல்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

மறுநாள் காலை நாஷ்டா முடித்துவிட்டு மாமா வழக்கம்போலத் தன் கட்டத்தை லேசாகத் தொட்டார். நேற்றுப் பேசியது சரியாகப் பதிந்ததா என்று பார்க்காமல் அவர் புதிதாகப் பேச மாட்டார், உனக்குத் தெரியும். அவர் கட்டத்திலிருந்து கீர்த்தி பேசினாள். 'நைனா, நான் சாப்டுட்டேன். ரெண்டு தோசை. ஆயா ஒண்ணுதான்னு சொல்லும், நம்பாத.' காய்ச்சலுக்கு முன்னால் பேசியது. நல்ல கணீர் குரல்.

'ஆயா' என்று தன்னைச் சொன்னது காதில் விழுந்ததும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா மட்டும் திரும்பத் தொட்டார், திரும்பவும் தொட்டார். 'கொயந்த என் பேர்ல பேசுதும்மா' என்றார்.

அன்றிலிருந்து அவர் சாப்பிட்டேன் என்று உனக்குச் சொல்வதில்லை. புதிதாகப் பேசினால் பழையது அழிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். 'நான் சாப்ட்டேன்னு சொன்னா கொயந்த போயிடும், சொல்ல மாட்டேன்' என்கிறார். அவள் குரலைத் தனியாக எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சத்தியம் செய்தேன், லேப்டாப்பில் போட்டும் காட்டினேன். தலையை ஆட்டினார். ஆனால் இன்று வரை அந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கழனிக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு முறை தொட்டுக் கேட்கிறார். உன் அப்பாவின் கட்டம் காலியாக இருக்கும் காரணம் இதுதான்.

இன்னொன்றும் நடந்தது, அது உனக்குத் தெரிந்திருக்காது. அன்று அத்தையின் பெயரைத் தொட்டால் மாமாவின் குரல். என் பெயரைத் தொட்டால் அத்தை. உன் பெயரைத் தொட்டால் நான். கடைசி எண்ணில் இருந்த குரலுக்குப் பெயரே இல்லை, அதனால் ஆப் அதைத் தள்ளிவிட்டது. அது உன் குரல். அதற்குப் பிறகு நீ புதிதாகப் பேசவும் இல்லை, அதனால் நீ பேசியது ஒன்றுகூட இந்த வீட்டில் இப்போது கேட்பதில்லை. அழித்தது அவள் பெயரை. காணாமல் போனது நீ.

நானே திருத்தியிருக்கலாம். ஒரு வரிதான், அவள் பெயர் மேலே வந்தால் அவள் குரல் அவள் பெயருக்கே திரும்பிவிடும். உட்கார்ந்தேன், அவள் பெயரைத் திரும்ப டைப் அடித்தேன், சேமிக்காமல் மூடிவிட்டேன். நான் செய்தால் அது உனக்கு இன்னொரு அப்டேட்டாகப் போய்விடும். பெற்றவன் நீ, நீ எழுது. முதல் வரியில், அவள் கேட்ட இடத்தில். அதற்கு எதிரில் புதிதாக ஒன்றும் வராது, எனக்கும் தெரியும். காலியாக இருந்தால் இருக்கட்டும். நீ சொன்னதுதான், சாப்பாடு விழாவிட்டாலும் இலை இருக்கும்.

கார்த்திகையில் அவள் போய் வருஷம் திரும்புகிறது. அத்தை படையல் போட வேண்டும் என்கிறார். தோசை, வெல்லம், அவளுக்குப் பிடித்த வறுத்த வேர்க்கடலை. காய் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இலை போட்டுக் கற்பூரம் யார் ஏற்றுவது என்று அத்தை என்னைக் கேட்டார். நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

வேர்க்கடலைப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அத்தை இடித்தது, காரம் கொஞ்சம் தூக்கல். மாமா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். என்ன ஆசி என்று கேட்டேன். 'வேளைக்குச் சாப்டச் சொல்லு, அது போதும்' என்றார்.

நீ சாப்பிட்டாயா தினா? உன்னை யாரும் கேட்டே ரொம்ப நாளாகிறது. படையல் முடிந்து அவள் இலைச் சோற்றை நாங்கள் மூன்று பேர் மட்டும் சாப்பிட முடியாது. வந்துவிடு.

உன் பெயரைத் தொட்டுத் தொட்டு என் குரலையே கேட்டுக்கொண்டிருக்கும்,
சசி