காய்ச்சல் மாத்திரை

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

தோல் பட்டறை மீரான் பாயின் பூனைக்குக் காய்ச்சல் என்று நேற்று மாத்திரை கொடுத்தேன். நாம் தலைவலிக்குப் போடுவதில் பாதிதான். இன்று காலை அதன் முகம் வீங்கி, ஈறு காபி நிறமாகிவிட்டது. குர்லாவில் மிருக டாக்டரிடம் தூக்கிப் போனோம். மேசையிலேயே செத்தது.

"இது பூனைக்கு விஷம். யார் கொடுத்தது?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். நான் பூனையைத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

திரும்பும்போது பாய், "விடுங்க அண்ணாச்சி, வேணும்னா செஞ்சீய?" என்றார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இருபது வருஷமாகப் புறாவுக்கும் பூனைக்கும் நான்தான் இங்கே வைத்தியம் பார்க்கிறேன்.

போன வருஷம் என் பூனையும் இதே நிற ஈறோடுதான் செத்தது. அதற்கும் இதே மாத்திரைதான் கொடுத்திருந்தேன். அடுத்த வீட்டுச் செல்லையா எலி விஷம் வைத்துக் கொன்றான் என்று சந்தே கேட்கத் திட்டினேன். அதிலிருந்து பேச்சில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறான். நாளைக்கும் போய்ச் சொல்ல மாட்டேன்.