மஞ்சள் அல்லி

அன்புள்ள பெரியவளுக்கு,

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. புதுப் பேனா, அப்படித்தான் எழுதுகிறது.

ஞாயிறன்று உன் தங்கை என்னை அந்தப் பெரிய ஓவியர் வாழ்ந்த வீட்டுக்கு அழைத்துப்போனாள். வீட்டைவிடத் தோட்டம்தான் பெரிது. படிக்குப் படி என் கையைப் பிடிக்க வந்தாள். தட்டிவிட்டேன், நான் என்ன கிழவியா? குளக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் அல்லி நிறையப் பூத்து, ஓரமெல்லாம் தண்ணீரோடு கரைந்து கிடந்தது. அழகு என்றால் அப்படியொரு அழகு.

பிறகு வீட்டுக் கூடத்தில், அதே குளத்தை அவர் வயதான காலத்தில் வரைந்த படத்தைப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற ஒருவர், "என்னங்க இது, மஞ்சச் சாயத்தை அள்ளி அப்பி வெச்சிருக்காரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வெளிய போய்க் குளத்தைப் பாருங்க. உள்ளது உள்ளபடி வரைஞ்சிருக்காரு" என்றேன்.

சுற்றிக்காட்ட வந்த பெண் மெதுவாக, "அப்போ அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை இருந்துச்சும்மா" என்றாள்.

உன் தங்கை என் கையைப் பிடித்தாள். "அந்தப் பூவெல்லாம் வெள்ளைம்மா" என்றாள். இந்த முறை நான் கையைத் தட்டிவிடவில்லை.

நீ ஓயாமல் சொல்கிறாயே ஒரு கண் டாக்டர், அவரிடம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடு. கட்டு அவிழ்த்ததும் நேராக அந்தக் குளத்துக்குத்தான் போக வேண்டும். வெள்ளை என்று நீங்கள் சொன்னால் ஆயிற்றா? நான் பார்க்க வேண்டாமா?

இப்படிக்கு,
யார் பேச்சையும் கேட்காத
உன் அம்மா