காலைக் காபி இனி என் பொறுப்பு

மகாராணியின் சமுகத்துக்கு,

அடிமை நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

"காலையில எனக்கு நீங்க காபி போட்டுக் குடுக்கறதா இருந்தா வரேன்" என்றாயே, அதற்காகவே கொட்டையை அரைத்துக் காபியும் இறக்கும் மெஷினாகப் பார்த்து வாங்கினேன். முதல் நாள் மாவாக அரைத்துவிட்டேன். ஒரு சொட்டு இறங்குவதற்குள் எனக்கு முழ நீளத் தாடி வளர்ந்தது. மறுநாள் ரவையாக அரைத்ததில் அடுப்படியே வெள்ளத்தில் மிதந்தது. இன்று தேன் மாதிரி இறங்கியது. குடித்துப் பார்த்த பக்கத்து வீட்டு டிரைவர், "அண்ணே, அண்ணிக்கு டிக்கெட் போடுங்க" என்றான்.

போட்டுவிட்டேன்.

உன் பெரிய டம்ளரை மறக்காதே. இங்குள்ள கோப்பை உனக்கு ஒரு வாய்க்குக் காணாது. மெஷினுக்குக் காபி ஊற்றும் மூக்கு இரண்டு. உன் பங்கையும் நானே குடித்துவிட்டுக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். சீக்கிரம் வந்து காப்பாற்று.

பால் பொங்குகிறது, ஓடுகிறேன்.

உன் காபி மாஸ்டர்